பெரியக்காவின் தூக்குவாளி

ஒன்றுமே சாப்பிடாத ஒருத்திக்கு எப்படி எடை ஏறும்?

இந்தக் கேள்வி முதன்முதலில் என் காதில் விழுந்தபோது என்னிடம் பதில் இல்லை. இரைப்பை, குடல் எல்லாம் படம் வரைந்து பாகம் குறித்துப் பள்ளியில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தும் இல்லை. கேட்டவளோ பொய் சொல்கிறவள் இல்லை. அதனால் அவள் கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

அவள் ஒரு பஸ் டிப்போ கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. வயது நாற்பத்தேழு. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், பஸ் கழுவுகிறவர், எல்லாருக்கும் அவள் பெரியக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். காலை ஐந்தரைக்கு அடுப்பு மூட்டினால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் அணைப்பாள். அதற்குள் முந்நூறு பேர் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரே அடுப்பு முன்னால் நின்றதில் அந்த அடுக்களையே அவள் கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிட்டது. வலது கையை நீட்டினால் உப்பு ஜாடி. இடது கையை நீட்டினால் எண்ணெய் டின். தலைக்கு மேலே கம்பியில் கரண்டிகள். தூரத்தில் இருப்பதை எடுத்துத் தரக் குச்சி இருந்தாள். குச்சி என்பது உதவிச் சமையல்காரி. முப்பது வயதிலும் காற்றடித்தால் பறந்துவிடுவாளோ என்று பயப்படும்படி இருந்ததால் அந்தப் பெயர்.

"நான் காலை நகர்த்தாம முந்நூறு பேருக்குச் சமைப்பேன்," என்று பெரியக்கா பெருமையாகச் சொல்வாள். அது உண்மை. எதையும் அளந்து போடமாட்டாள் என்பது அவளுடைய இன்னொரு பெருமை. அளவுக் கிண்ணத்தைக் கையில் எடுப்பவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். "நாக்கு எதுக்கு இருக்கு? அழகுக்கா?" என்பாள். கரண்டி நுனியில் எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் ஒரு சிட்டிகை" என்று சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அவளுக்கு ஒரே தம்பி. எட்டு வயது இளையவன். செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். கடை என்றால் ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, பல் குத்துகிற குச்சி அளவுக்குச் சில திருப்புளிகள், அவ்வளவுதான். அம்மா போனபோது அவனுக்கு வயது ஏழு. அன்றிலிருந்து அவனுக்குத் தலை துவட்டிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டதும், பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் அக்காதான். அந்தத் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் படுத்துக்கொண்டன. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு மணி நேரம் படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, வெளுத்த முகத்தோடு திரும்புவான். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. தாகம் எடுத்தால் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு போனைக் கழற்றுவான்.

"என்னோடதுல ஒண்ண எடுத்து அவனுக்கு வைங்க," என்று பெரியக்கா டாக்டரம்மாவிடம் சொன்னாள். உபயோகித்த பாத்திரத்தைக் கொடுக்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், என்னென்னவோ பொருத்திப் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. கடைசியில் அவளை எடை மேடையில் ஏற்றினார்கள். எண்பத்தெட்டு கிலோ.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எழுபத்துநாலுக்குக் கீழ வாங்க. அப்புறம் பேசலாம்."

"நோயாளி அவன்தானே டாக்டர்? எனக்கு எதுக்கு எடை பார்க்கறீங்க?"

"அதனாலதான் பார்க்கறேன். நல்லா இருக்கிற ஒருத்தர் மேல கத்தி வைக்கப் போறோம். மிச்சம் இருக்கிற வாழ்க்கைய நீங்க ஒரே ஒரு கிட்னியோட ஓட்டணும். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கு. சர்க்கரை இன்னும் உள்ள வரல. ஆனா வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிக்குது. இந்த நிலைமையில உங்ககிட்டேர்ந்து கிட்னிய எடுத்தா, ரெண்டு வருஷத்துல உங்க தம்பி எழுந்திருச்சு வந்து உங்களை இங்க படுக்க வைப்பார்."

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் வந்து, "பதினாலு கிலோவாம். ஒரு சின்ன அரிசி மூட்டை. இறக்கி வச்சிட்டா போச்சு," என்றாள்.

அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள். மத்தியானத் தட்டையும் நிறுத்தினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இரண்டு காய்ந்த ரொட்டி, அதோடு சரி. அவள் வீட்டுக்காரர் வங்கி ஒன்றில் காவல் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அவரே ஒரு நாள் வாயைத் திறந்து, "இப்படிப் பட்டினி கிடந்தா நீ என்ன ஆவே?" என்று கேட்டார். "மெலிஞ்சவளாவேன்," என்றாள்.

இரண்டு மாதம் கழித்து எடை மேடையில் ஏறினாள். எண்பத்தொன்பது.

மேடை தப்பு என்றாள். பக்கத்து அறையிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் எண்பத்தொன்பது என்றது. டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "வேற என்ன சாப்பிடறீங்க?"

"சத்தியமா ஒண்ணும் இல்ல டாக்டர். நாள் முழுக்க நிக்கிறேன். ஒண்ணுமே சாப்பிடறதில்ல. அப்புறம் எப்படி ஏறுது?"

டாக்டரம்மா குனிந்து எதையோ எழுதினார். அது பெரியக்காவுக்கு 'பொய்க்காரி' என்று சொன்ன மாதிரியே கேட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். மூன்று நிறுத்தம் தாண்டியபின் மெல்லச் சொன்னான்.

"அக்கா, குடுக்க மனசில்லன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு, உனக்கு இருக்காதா? ஆனா எடை எடைன்னு இழுக்காத. நேரா சொல்லிடு."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஊர் சொல்லியிருந்தால் ஒரு கையால் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். இது அவள் தலை துவட்டி வளர்த்த வாய். அவள் தன் நிறுத்தத்துக்கு முந்திய நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை டிப்போவுக்கு ஒரு தூக்குவாளியோடு வந்தாள். மூடி போட்ட எவர்சில்வர் வாளி, இரண்டு லிட்டர் பிடிக்கும். அதை அடுப்புக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"குச்சி, இங்க வா. நீதான் சாட்சி. இன்னைக்கு என் வாய்க்குள்ள போக வேண்டியது எல்லாம் இந்த வாளிக்குள்ள போகும். ஒரு பருக்கை விடாம. சாயங்காலம் இதைக் கொண்டுபோய் அவன் முன்னாடி கவுத்துக் காட்டறேன். அடியில ரெண்டு சொட்டு இருந்தா அதிகம். அக்கா திருட்டுத்தனமா தின்னுறாளா இல்லையான்னு அப்ப தெரியும்."

"அப்போ ருசி பார்க்கறது?"

"அது வேலைடி, சாப்பாடா? டிரைவர் நாள் முழுக்க பஸ் ஓட்டறான், அவன் ஊர்சுத்தறான்னு சொல்லுவியா? சரி, அதையும் போடு. எனக்கென்ன பயம்?"

முதல் கெட்டில் டீ கொதித்தது. வழக்கம்போல அரை டம்ளர் ஊற்றிச் சர்க்கரை பார்க்கக் கை வாய்க்குப் போனது.

"அக்கா, வாளி!"

டீ வாளிக்குள் போனது. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கிண்டி மறுபடியும் ஊற்றினாள். மறுபடியும் வாளி. அப்படி ஐந்து கெட்டில். பருப்பு வெந்ததும் கரண்டி நுனியில் எடுத்தாள். நுனி என்று அவள் நினைத்தாள், வாளிக்குள் விழுந்தபோது அது ஒரு கை அளவு இருந்தது. உப்பு போதாது, இன்னொரு கை. காரம் போதாது, இன்னொரு கை. வறுத்த கிழங்கு மொறுமொறுப்பாக வந்ததா என்று பார்க்க நாலு துண்டு. சட்டியில் பாதி உடைந்த முட்டையைக் காசு கொடுத்துச் சாப்பிடுகிற ஆளுக்குப் போடலாமா? கூடாது. வழக்கமாக எங்கே போகும்? "அக்கா, வாளி!" ரொட்டியை வெட்டினால் இரண்டு பக்கத்து ஓரமும் மிஞ்சும், அதில் வெண்ணெய் தடவி வாயில் போட்டுக்கொள்வது இருபத்திரண்டு வருஷப் பழக்கம். சோறு பதம் பார்க்கிறேன் என்று ஒரு பிடி. கழுவப் போகிற பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்து ஒரு வாய். சோற்றை எறிந்தால் பாவம் அல்லவா?

பதினொன்றாவது தடவை குச்சி "வாளி!" என்று கத்தியபோது பெரியக்கா தன் கையையே விநோதமாகப் பார்த்தாள். அது அவளைக் கேட்காமலே வாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. யாரோ இன்னொருத்தியின் கை மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு அடி மறைந்தது. மத்தியானம் பாதி நிறைந்தது. மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு மூடியைப் போட்டு அழுத்தினாள். மூடி உட்காரவில்லை.

குச்சி சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். பெரியக்கா அந்த அடுக்களைக்குள் வீடு மாதிரி நின்றிருந்தாள். பட்டினியாக இருந்த இரண்டு மாதமும் பசி அதிகம் என்பதால் கை இன்னும் பெரிதாக அள்ளியிருக்கும். அதுவும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாளியை யாருக்கும் காட்டாமல் சாக்கடையில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேராகத் தம்பி கடைக்குப் போனாள். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே, பிரித்துப் போட்ட போன்களுக்கு நடுவில் வைத்து மூடியை எடுத்தாள். டீயும் பருப்பும் முட்டையும் ரொட்டி ஓரமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"என்னக்கா இது?"

"இதான்டா நான் சாப்பிடாதது."

அவன் வாளியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்குப் போய்த் தராசில் வைத்தான். மளிகைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "மாட்டுக்கா தம்பி?" என்று கேட்டார். "எங்க அக்காவுக்கு," என்றான். வாளி எடை போக ஒரு கிலோ எழுநூறு.

திரும்பி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். முதலில் சிரிப்பு வந்தது அவனுக்கு. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் மேசை அதிரச் சிரித்தார்கள். திருப்புளிகள் உருண்டு கீழே விழுந்தன. அவற்றைப் பொறுக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"அக்கா, பஸ்ல நான் சொன்னது..."

"என்ன சொன்ன? பஸ் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. எழுந்திரு, போனை மிதிச்சிடப் போற."

டாக்டரம்மாவிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர் இந்தத் தடவை பேனாவை மூடிவிட்டு முழுதும் கேட்டார். "மூணு வேளையும் சாப்பிடுங்க," என்றார். "தட்டுல போட்டு, உட்கார்ந்து, மெதுவா. பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, மிச்சத்துல பருப்போ முட்டையோ. தட்டுக்கு வராதது வாய்க்கு வரக் கூடாது. அப்புறம், நிக்கிறது நடக்கிறது ஆகாது. நடங்க."

தட்டுக்கு வராதது வாய்க்கு வரக் கூடாது. கேட்க எளிதாக இருந்தது. நாக்கை நம்பிச் சமைக்கிறவளுக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டச் சொன்ன மாதிரி. மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் ஒரு சின்னத் தராசு வாங்கி வந்தாள். இத்தனை வருஷமும் கேலி செய்த அதே அளவுக் கிண்ணத்தையும் வாங்கினாள். முந்நூறு பேர் பருப்புக்கு எவ்வளவு உப்பு என்று நிறுத்துப் பார்த்துச் சுவரில் கரியால் எழுதினாள்.

முதல் நாளே குடி முழுகியது. பெரியக்கா நிறுத்து உப்பைப் போட்டாள். அவள் ருசி பார்க்காததால் உப்பு போடவில்லை என்று நினைத்துக் குச்சியும் போட்டாள். மத்தியானம் முதல் தட்டை வாங்கினவர், ஹாரன் என்று பெயர் வாங்கிய டிரைவர். குரலைக் கேட்டால் பேர் வைத்த காரணம் புரியும். ஒரு வாய் வைத்தார்.

"பெரியக்கா! கடல் தண்ணிய வத்தவச்சு ஊத்திட்டீங்களா? இதைச் சாப்பிட்டா நான் பஸ் ஓட்ட மாட்டேன், கப்பல்தான் ஓட்டணும்!"

கேன்டீனே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பானைப் பருப்பு கீழே போனது. பெரியக்கா அடுக்களைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். வாளி பயமுறுத்தியதைவிட இது அதிகமாக வலித்தது. ஹாரன் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு வயிறு எப்போதும் ஆளுக்கு முன்னால் வரும். ஓட்டும்போது ஸ்டியரிங்கைத் தொடும்.

"என்னக்கா, நாக்குக்கு என்ன ஆச்சு?"

சொன்னாள். தம்பி, எடை, வாளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஹாரன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் குறைத்துப் பேசினார். "ஒரு ஸ்பூன் ருசி பார்க்கணும், அவ்வளவுதானே? டிப்போவுல இத்தனை நாக்கு சும்மா கிடக்கே."

டிப்போ வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. எந்தத் தடத்துக்கு எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர் என்று நேரக் கணக்காளர் தினமும் காலையில் சாக்பீஸால் எழுதிப் போடுவார். மறுநாள் காலையில் எல்லாத் தடங்களுக்கும் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. 'உப்பு டியூட்டி: ஹாரன்.'

அதன்பின் தினம் ஒருவர். பதினொன்றரை மணிக்குச் சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நிற்பார்கள். பருப்பு ஒரு ஸ்பூன், காய் ஒரு ஸ்பூன், டீ ஒரு மடக்கு. அதற்கு மேல் கிடையாது. "கரும்பு தின்னக் கூலியா!" என்று வந்தவர்களில் சிலர் இரண்டாவது ஸ்பூன் கேட்டு அடி வாங்கினார்கள். மெக்கானிக் ஒருவர் எதைக் கொடுத்தாலும் "கொஞ்சம் கிரீஸ் வாடை" என்றார். அவர் கையைக் கழுவாமல் வருவதுதான் காரணம். ஒரு வயதான கண்டக்டர் மட்டும் கண்ணை மூடி, நாக்கைச் சப்பி, "அரை சிட்டிகை" என்று சொல்வார். அது எப்போதும் சரியாக இருக்கும். "இவர் தப்பித் தவறிக் கண்டக்டர் ஆயிட்டார்," என்றாள் பெரியக்கா.

அடுக்களையையும் மாற்றினாள். உப்பு ஜாடி எதிர்ச் சுவருக்குப் போனது. எண்ணெய் டின் வாசலுக்குப் பக்கத்தில். எதற்கும் நாலடி நடந்தாக வேண்டும். எண்ணெய் ஊற்றும் கரண்டியைப் பாதி அளவுக்குச் சின்னதாக மாற்றினாள். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி வேண்டுமென்றால் மறுபடியும் வாசல்வரை நடக்க வேண்டும், அந்தச் சலிப்பிலேயே எண்ணெய் குறைந்தது.

"அக்கா, எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டா நான் எதுக்கு?" என்று குச்சி முறையிட்டாள்.

"நீ கொஞ்சம் உட்காரு. உன் உடம்புக்கு அதான் மருந்து."

வீட்டிலிருந்து டிப்போ இரண்டு நிறுத்தம். இத்தனை வருஷமும் காலை முதல் பஸ் அவள் வீட்டு வாசலிலேயே நின்று ஏற்றிக்கொள்ளும். அது நிறுத்தமே இல்லை, பெரியக்காவுக்கான மரியாதை. இப்போது அவள் விடியற்காலையில் கைவீசி நடக்க ஆரம்பித்தாள். முதல் நாள் ஹாரன் பஸ்ஸை அவள் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏறுக்கா."

"நீ போப்பா."

"கோபமா? பருப்பைப் பத்தி சொன்னதுக்கா?"

"நடக்கறேன்டாப்பா, எடை குறையணும். போ!"

"நீங்க நடந்து நான் ஓட்டினா எனக்கு எப்படிக்கா சோறு இறங்கும்?"

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் கத்தினார். "யோவ், இது பஸ்ஸா இல்ல கல்யாண ஊர்வலமா? வேலைக்குப் போகணும்யா!"

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு டிப்போ மதிலை ஒட்டி அவள் ஒரு சுற்று நடந்துகொண்டிருந்தபோது பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஹாரன். அந்த நேரத்தில் டிரைவர்கள் நிறுத்தி வைத்த பஸ்ஸில் கடைசி நீள சீட்டில் நீட்டிப் படுத்துத் தூங்குவது வழக்கம். "தூக்கம் வரல," என்றார். மறுநாளும் வரவில்லை. வருடாந்தர மருத்துவப் பரிசோதனை வரப்போகிறது, போன தடவையே எச்சரித்து அனுப்பினார்கள் என்பதைப் பத்து நாள் கழித்துத்தான் சொன்னார். அதற்குள் இன்னும் நாலு பேருக்குத் தூக்கம் வராமல் போயிருந்தது.

எடை இறங்கியது. எண்பத்தாறு, எண்பத்துமூன்று, எண்பது. எழுபத்தேழில் வந்து வண்டி நின்றுவிட்டது. ஐந்து வாரம் அசையவில்லை. அதே சமயம் தம்பிக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. தம்பி பெண்டாட்டி போனில் அழுதபோது பெரியக்கா கையிலிருந்த தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கொதிக்கிற பானைக்கு முன்னால் கண் இருட்டிச் சாய்ந்தாள். குச்சி பாய்ந்து வந்து தாங்கிக்கொண்டாள். அந்தக் குச்சி எப்படித் தாங்கியது என்று டிப்போ முழுக்க இன்றைக்கும் பேச்சு.

டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். "பட்டினி கிடந்து எழுபத்துநாலுக்கு வந்தீங்கன்னா நான் கத்தியையே தொட மாட்டேன். தம்பியை நாங்க பார்த்துக்கிறோம், தண்ணியை எடுத்தாச்சு, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போவார். உங்க வேலை தட்டுல இருக்கறதச் சாப்பிடறது, நடக்கறது. எடை நிக்கும், அப்புறம் இறங்கும். உடம்பு அடம் பிடிக்கற குழந்தை மாதிரி. நீங்களும் கூட அடம் பிடிக்காதீங்க."

தம்பி கட்டிலில் சாய்ந்தபடி, மூக்கில் குழாயோடு, "அக்கா, நீ விழுந்தா அடுப்பு உடைஞ்சிருக்குமே," என்றான்.

"வாயை மூடுடா."

"சீக்கிரம் இல்லன்னாலும் பரவாயில்ல. நான் எங்கேயும் போகல."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மறுபடியும் தட்டுக்கு வந்தாள். மதிலைச் சுற்றி ஒரு சுற்று இரண்டானது, இரண்டு மூன்றானது. ஹாரனுக்குப் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. மெக்கானிக் டிரில் வைத்துப் போட்டுக் கொடுத்தார். மருத்துவப் பரிசோதனையிலும் தேறினார்.

ஆரம்பித்துப் பத்தாவது மாதம். எடை மேடைக்குப் போகிற அன்று காலையில் கேன்டீனில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "வளையலைக் கழட்டிடுக்கா," என்றார் ஹாரன். "மூச்சை வெளிய விட்டுட்டு ஏறுங்க," என்றார் நேரக் கணக்காளர். "போங்கடா, அது என்ன டயரா?" என்றாள் பெரியக்கா. ஆனாலும் ஆஸ்பத்திரியில் வளையலைக் கழற்றிக் குச்சி கையில் கொடுத்தாள்.

எழுபத்துமூன்று புள்ளி எட்டு.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார். வாசலில் நின்றது செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். தேதி குறித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அளவுக் கிண்ணத்தையும் தராசையும் குச்சியிடம் ஒப்படைத்தாள். கரும்பலகையில் அடுத்த ஆறு வாரத்துக்கும் சேர்த்து உப்பு டியூட்டி எழுதியிருந்தது. எல்லா நாளும் அந்த வயதான கண்டக்டர் பெயர்.

கண் விழித்தபோது மத்தியானமாகிவிட்டது. விலாப்பக்கம் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. ஜன்னலில் வெயில். தம்பி வேறு அறையில் இருந்தான். வயிற்றுக்குள் வைத்த சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பதற்கு ஒரே அடையாளம்தான் உண்டு, அது சிறுநீர் வருவதுதான் என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். யார் உள்ளே வந்தாலும், "வந்துச்சா?" என்றுதான் கேட்டாள். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டதால் பாதிச் சொல்தான் வெளியே வந்தது.

நான்கு மணிக்குத் தம்பி பெண்டாட்டி வந்தாள். முகத்தைப் பார்த்தால் அழுதிருந்தாள், வாய் சிரித்தது. குனிந்து, காதருகே சொன்னாள்.

"அண்ணி, உங்க தம்பி ஒரு சேதி சொல்லி அனுப்பினார். அப்படியே சொல்லச் சொன்னார்."

"என்ன?"

"அக்கா, தூக்குவாளி நிறைஞ்சிடுச்சு. மூடி உட்காரல."

வலியோடு அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்து, தையல் பிரிந்துவிடும் என்று அதட்டினார்.

இப்போது அவன் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்கிறான். அவள் மறுபடியும் அடுப்பு முன்னால் நிற்கிறாள். எழுபத்தைந்துக்கும் எழுபத்துமூன்றுக்கும் நடுவில் எடை ஊசலாடுகிறது. உப்பு டியூட்டி இன்னும் நடக்கிறது. வாளி கேன்டீன் அலமாரியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இதைப் படித்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, குழந்தை மிச்சம் வைத்ததை வழித்துப் போட்டுக்கொண்டு, "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே" என்று சொல்கிற ஒருவர் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைக் கேலி செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தால் அடுத்த வீட்டிலும் சொல்லச் சொல்லுங்கள்.